ஊருணியும் பள்ளிக்கூடமும்

ஓர் ஊரார் தங்கள் ஊர்ப் பள்ளிக்கு ஒரு மிருதங்கத்தையோ சுருதிப்பெட்டியையோ வாங்கித் தரும்போதும், கூத்து வாத்தியார் ஒருவருக்கு மாதந்தோறும் ஊதியம் கொடுத்துப் பிள்ளைகளுக்கு அடவும் பாட்டும் கற்பிக்க ஏற்பாடு செய்யும்போதும், அச்செயலை அறநூல் வழக்கில் எப்பெயரிட்டு அழைப்பது என்னும் கேள்வி வெறும் சொல்லாராய்ச்சியாகத் தோன்றக்கூடும். ஆனால் செயலின் பெயர் மாறினால் கொடுப்பவர் நிற்கும் இடமும் பெறும் குழந்தை நிற்கும் இடமும் மாறிவிடுகின்றன. ஆதலால் கலையைக் குழந்தைகளிடம் கொண்டுசேர்ப்பதில் சமூகத்துக்கு உள்ள பொறுப்பு தருமத்தைச் சேர்ந்ததா, கடமையைச் சேர்ந்ததா என்பதை முடிவு செய்யாமல் அதன் வழிமுறைகளைப் பற்றிப் பேசுவது அடித்தளம் இடாமல் சுவர் எழுப்புவதாகும்.

திருக்குறளின் இல்லறவியலில் ஒப்புரவறிதல் 22ஆம் அதிகாரமாகவும் ஈகை 23ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து நிற்கின்றன. இரண்டும் கொடுத்தலையே பேசினாலும் அவை ஒன்றாகச் சேர்க்கப்படவில்லை. ஈகை என்பது வறியவராய் வந்து கேட்பவர்க்கு மறுக்காமல் கொடுப்பது. ஒப்புரவு என்பது தான் வாழும் உலகின் நடையை அறிந்து, அதனோடு ஒத்து, எவரும் கேளாமலே பொதுவுக்குச் செய்வது. உரையாசிரியர் பரிமேலழகர் இவ்வேறுபாட்டை மேலும் கூர்மையாக்கி, ஈகை மறுமையை நோக்கியது என்றும் ஒப்புரவு இம்மையை நோக்கியது என்றும் வகுத்ததோடு, ஒப்புரவு அறநூல்களில் விதியாக எழுதிவைக்கப்படுவதன்று, அவரவர் தாமே அறிந்து செய்ய வேண்டியது, தலைப்பில் அறிதல் என்னும் சொல் சேர்ந்ததற்கு அதுவே காரணம் என்றும் விளக்கினார். அவ்வதிகாரத்தின் உவமைகளும் இதற்கு ஏற்பவே அமைந்துள்ளன: மழை, நீர் நிறைந்த ஊருணி, ஊர் நடுவே பழுத்த மரம், எல்லா உறுப்பும் மருந்தாகப் பயன்படும் மரம். இவற்றில் கொடுப்பவர் என்று எவரும் எதிரே நிற்பதில்லை. ஊருணியில் நீர் மொள்ள வருபவர் எவர் முன்னும் கையேந்துவதில்லை. நடைமுறையில் ஊருணிகளையும் தீண்டாமை விட்டுவைக்கவில்லை என்பது வரலாறு. ஆயினும் அது ஊருணி என்னும் கருத்துக்கு நேர்ந்த களங்கமே அன்றிக் கருத்தின் குறையன்று.

குழந்தைக்குக் கலையைத் தருவது ஈகையின் எல்லைக்குள் அடங்காது என்பதற்கு ஈகையின் இலக்கணமே சான்றாகிறது. ஈகை நிகழ வேண்டுமானால் ஏற்பவர் தம் வறுமையை உணர்ந்திருக்க வேண்டும். பசித்தவர் பசியை அறிவார், ஆகவே கேட்பார். ஒருநாளும் ஓர் இராகத்தின் ஆலாபனையைக் கேட்டிராத குழந்தையோ தனக்கு எது இல்லை என்பதை அறியாது. அதன் இன்மை வலியாகவோ ஏக்கமாகவோ வெளிப்படாமல், இன்மை என்ற உணர்வே இல்லாத ஒரு வெறுமையாக வாழ்நாள் முழுதும் தங்கிவிடக் கூடும். சோறில்லாத வீட்டில் குழந்தை அழுகிறது. பாட்டில்லாத வீட்டில் அது அழுவதில்லை. கேட்டால்தான் கொடுப்பேன் என்னும் அறம் இவ்விடத்தில் ஒருபோதும் செயல்படத் தொடங்காது என்பதால், கேளாமலே அறிந்து செய்யும் ஒப்புரவு ஒன்றே இங்குப் பொருந்துவதாகும்.

இதற்கு எதிரான வாதமும் தமிழ் மரபிலேயே வலிமையாக இருக்கிறது. பௌத்தக் காப்பியமாகிய மணிமேகலை, அறம் எனப்படுவது யாது என்ற கேள்விக்கு, எல்லா உயிர்க்கும் சோறும் துணியும் இருப்பிடமும் கிடைக்கச் செய்வதே என விடை தருகிறது. அப்பட்டியலில் கலைக்கு இடமில்லை. அதன் தலைவி ஆடற்கலையில் சிறந்த மாதவியின் மகளாகப் பிறந்தும் அம்மரபைத் துறந்து, அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி என்னும் பாத்திரத்தைக் கையில் ஏந்திப் பசித்தவர்க்கு உணவளிக்கிறாள்; சிறைச்சாலையை அறச்சாலையாக மாற்றுகிறாள். பசித்த பிள்ளையிடம் வீணையை நீட்டுவது கொடுமை என்னும் வாதத்துக்கு இதைவிட உயர்ந்த சான்று கிடைக்காது. இவ்வாதத்தை எளிதாகத் தள்ளிவிடுவோர் பசியை அறியாதவர்களாகவே இருப்பார்கள். எனினும் மணிமேகலை துறந்தது எந்தக் கலையை என்பதையும் நோக்க வேண்டும். ஆடுபவளின் உடலை விலைபேசும் ஏற்பாட்டோடு பிரிக்க முடியாதபடி பிணைக்கப்பட்டிருந்த கலையையே அவள் துறந்தாள். மணிமேகலையின் ஆசிரியர் சாத்தனார் அந்த அறத்தை உரைநடையில் சொல்லாமல் ஓசையும் உவமையும் நிறைந்த காப்பியமாகவே சொன்னார் என்பதும் கருதத்தக்கது. திருக்குறளின் கேள்வி அதிகாரமோ வரிசையைத் தலைகீழாக்கி, செவிக்குரிய உணவு கிடைக்காத வேளையில்தான் வயிற்றுக்கும் சிறிது இடப்படும் என்கிறது. அங்குச் செவியுணவு எனப்படுவது அறிவுடையோர் சொல்லே அன்றி இசையன்று என்றாலும், வயிறு நிறைந்த பிறகே மற்றவை என்னும் ஏணிப்படிக் கணக்கு தமிழ்ச் சிந்தனையில் ஒருமனதாக ஏற்கப்பட்டதில்லை என்பதை அது காட்டுகிறது.

1950களின் தமிழகம் வயிற்றுணவையும் செவியுணவையும் எதிரெதிரே நிறுத்தாமல் நடந்த காலமாகும். காமராசர் முதலமைச்சராகவும் நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் இருந்தபோது 1956இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. 1958இல் கடம்பத்தூரில் தொடங்கி ஊர்தோறும் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தப்பட்டு, கட்டடம், மேசை நாற்காலி, சீருடை எனப் பள்ளிக்கு வேண்டியவற்றை ஊர் மக்களே முன்வந்து வழங்கினர். அம்மாநாடுகளில் வழங்கப்பட்டவை பெரும்பாலும் பொருள்கள் என்றாலும், பள்ளி அரசுடையது என்ற எண்ணம் மாறி ஊருடையது என்ற எண்ணம் வேர்கொண்டது அவற்றின் பெரும் பயனாகும். இவ்வெண்ணம் புதிதாகப் பிறந்ததுமன்று. திண்ணைப் பள்ளிக் காலத்தில் நவராத்திரியின்போது பிள்ளைகள் கோலாட்டமடித்துப் பாடிக்கொண்டு வீடுதோறும் செல்வதும், வீட்டார் மகிழ்ந்து தருவது உபாத்தியாயருக்குச் சேர்வதும் வழக்கமாக இருந்தன. ஊர் பள்ளியைத் தாங்கிய வழியே பிள்ளைகளின் பாட்டாகவும் ஆட்டமாகவும் இருந்தது.

பள்ளிக்கு வெளியே கலையைத் தாங்கிய பெரும் நிறுவனம் கோயில். 1010இல் குடமுழுக்குக் கண்ட தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் ஆடல் மகளிராகிய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியமர்த்தி, ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும் ஆண்டுக்கு நூறு கலம் நெல்லும் கிடைக்க வகைசெய்தான். திருப்பதியம் பாட நாற்பத்தெண்மரையும் அவர்களுக்கு வாசிக்க இருவரையும் நியமித்து, ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் மூன்று குறுணி நெல் அளக்கச் செய்தான். ஒருவர் இறந்தால் அவருடைய நெருங்கிய உறவினர் அப்பங்கைப் பெற்றுப் பணிசெய்ய வேண்டும் என்றும், அவருக்குத் தகுதி இல்லையானால் தகுதியுடைய வேறொருவரைக் கொண்டு செய்விக்க வேண்டும் என்றும் கல்வெட்டு விதிக்கிறது. கலைஞர் நாளைய சோற்றுக்குக் கவலைப்படாமல் கலையில் ஆழ்வதற்கு இதைவிட உறுதியான ஏற்பாட்டை எண்ணிப் பார்ப்பது கடினம். அதே வேளையில், பங்கு முதலில் உறவினருக்கே செல்லும் என்னும் விதியால், ஒரு குழந்தை கலையை அடையும் வழி பெரும்பாலும் பிறப்பாகவே இருந்தது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையும் இதையே வேறொரு கோணத்தில் காட்டுகிறது. ஐந்து வயதில் பயிலத் தொடங்கிய மாதவி ஏழாண்டு கற்றுப் பன்னிரண்டாம் வயதில் மன்னன் முன் ஆடுகிறாள். அவளுக்காக ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமை ஆசிரியன், குழலோன், யாழாசிரியன் எனத் தனித்தனி வல்லுநர்கள் கூடுகின்றனர். ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் கொண்டதாக அரங்கு அளந்து அமைக்கப்படுகிறது. ஒரு குழந்தைக்கு இத்தனை பேர் ஆசிரியராக அமைந்தது அழகு. ஆனால் புகாரின் மற்றக் குழந்தைகள் அந்த அரங்கைச் சுற்றி நின்று பார்த்தவர்களே.

பிறப்பினால் அடைக்கப்பட்ட வழியைப் பற்றிச் சைவம் ஆழமாகச் சிந்தித்த இடம் பெரியபுராணத்தின் திருநீலகண்ட யாழ்ப்பாணர் வரலாறு. பாணர் குலத்தில் பிறந்த அவர் திருவாரூர்க் கோயிலின் வாயிலுக்கு வெளியே நின்று யாழிசைத்தபோது, இறைவன் அவர் உள்ளே வருவதற்கு வடதிசையில் வேறொரு வாயிலை வகுத்தருளினான் என்று சேக்கிழார் கூறுகிறார். இசையைப் பிறப்பு தடுக்கக் கூடாது என்பதற்கு இறைவனே சான்றாகும் இந்நிகழ்ச்சி பக்தி இயக்கத்தின் பெருமைகளுள் ஒன்று. ஆயினும் இதைக் கூர்ந்து படிப்பவர் ஒன்றைக் கவனிக்காமல் இருக்க முடியாது: திறந்தது புது வாயில், பழைய வாயிலின் வழக்கம் அப்படியே நின்றது. அருள் ஒருவருக்கு வழி திறக்கும். வழக்கத்தை மாற்றும் வேலை மனிதர்க்கு விடப்பட்டிருக்கிறது. பிறப்பையோ பணத்தையோ கேளாமல் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாயிலில் நுழையும் இடமாகப் பிற்காலம் உண்டாக்கியது ஊர்ப் பள்ளிக்கூடத்தைத்தான் என்பதால், கலை அங்கே வந்து சேராதவரை யாழ்ப்பாணரின் கதை முடிந்ததாகாது.

சைவ சித்தாந்தம் இக்கேள்விக்குத் தரும் தத்துவ ஒளி இன்னும் நுட்பமானது. உலகம் முப்பத்தாறு தத்துவங்களால் ஆனது என்று கொள்ளும் அத்தரிசனத்தில் கலை என்பதே ஒரு தத்துவத்தின் பெயர். ஆன்மாவின் அறிவையும் செயலாற்றலையும் ஆணவ மலம் என்னும் இருள் முற்றும் மறைத்திருக்க, அவ்விருளைச் சிறிதளவு விலக்கி, ஆன்மாவுக்கு இயல்பாக உள்ள செயலாற்றல் வெளிப்படச் செய்வது கலை; அதன்பின் அறிவை விளக்குவது வித்தை, விருப்பத்தை எழுப்புவது அராகம். பாட்டும் நாட்டியமும் ஆகிய கலையும் தத்துவமாகிய கலையும் சொல்லால் ஒன்றே அன்றிப் பொருளால் ஒன்றல்ல. ஆயினும் அத்தத்துவத்தின் இலக்கணம் கலைப் பயிற்சியில் ஒரு குழந்தைக்கு நிகழ்வதைத் துல்லியமாக வருணிக்கிறது. குழந்தைக்குள் வெளியிலிருந்து எதுவும் ஊற்றப்படுவதில்லை; முன்பே இருந்த ஆற்றலின்மேல் படிந்த இருள் சற்றே விலகுகிறது, கை தாளத்தில் நிற்கிறது, குரல் சுருதியில் சேர்கிறது. எதைச் சார்கிறதோ அதன் தன்மையை அடைவது ஆன்மாவின் இயல்பு என்றும் சித்தாந்தம் கூறுகிறது. அவ்வாறாயின் ஒரு பிள்ளை எவற்றைச் சார்ந்து வளர்கிறது என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பிலிருந்து எந்த ஊரும் விலகி நிற்க இயலாது. மேலும் உடல், கருவி, உலகம், நுகர்ச்சி ஆகிய நான்கும் ஆன்மாவுக்குக் கேளாமலே தரப்பட்டவை என்பது அதன் கொள்கை. இறைவன் செய்வதே ஒப்புரவாக இருக்கும்போது மனிதர் செய்வது ஈகையாகச் சுருங்குவதற்கு நியாயம் காண்பது அரிது. குடும்பக் குருவாகவும் வயதில் மூத்தவராகவும் இருந்த அருணந்தி சிவாசாரியார், சிறுவராக இருந்த மெய்கண்டாரிடம் ஆணவம் என்பது யாது என்று வினவ, அச்சிறுவர் அவரையே சுட்டி நின்றார் என்றும், அருணந்தியார் அவருக்கே மாணவரானார் என்றும் மரபு சொல்கிறது. பள்ளிக்குக் கொடுக்கச் செல்லும் பெரியோர் நினைவில் வைத்திருக்க வேண்டிய வரலாறு அது.

கலைக்கும் பள்ளிக்கும் இடையே ஒரு குழந்தை எப்படிக் கிழிபடுகிறது என்பதற்குத் தெளிவான சான்று வடதமிழகத்தின் கட்டைக்கூத்து. தோளிலும் தலையிலும் கட்டைச் சாமான்கள் எனப்படும் மர அணிகளைப் பூண்டு விடிய விடிய ஆடப்படும் இக்கூத்தில், நடிகராக வேண்டிய சிறுவன் இளம் வயதிலேயே ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், சேர்ந்தாக வேண்டும். இரவெல்லாம் ஆடியவன் காலையில் வகுப்பில் உட்கார முடியாது. பெருங்கட்டூர் பொ. இராஜகோபால் பத்து வயதில் பள்ளியை விட்டுத் தந்தையின் குழுவில் சேர்ந்தவர். அவரும் ஹன்னே டி புரூயினும் சேர்ந்து காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் 2002இல் தொடங்கி 2020 வரை நடத்திய கட்டைக்கூத்து குருகுலம், கூத்தையும் பள்ளிப்படிப்பையும் ஒரே இடத்தில் ஒரே நாளில் கொடுத்தது. ஆண்களே ஆடிவந்த கூத்தில் பெண் பிள்ளைகளும் பயின்று மேடையேறினர். ஒரு பிள்ளை எழுத்தைப் பெறுவதற்குக் கூத்தை இழக்க வேண்டும், கூத்தைப் பெறுவதற்கு எழுத்தை இழக்க வேண்டும் என்னும் நிலை இயற்கையானதன்று, அது ஓர் ஏற்பாட்டின் குறையே என்பதை அக்குருகுலம் பதினெட்டு ஆண்டுகள் நடந்து மெய்ப்பித்தது. தத்துவ நூல்கள் பல பக்கங்களில் நிறுவ முயல்வதை ஒரு சிறு கிராமத்தில் சில பிள்ளைகள் ஆடிக் காட்டினர் என்பது இவ்வரலாற்றில் நெஞ்சைத் தொடும் பகுதியாகும்.

அரசுப் பள்ளிகளின் நிலைக்கு வந்தால், 2012இல் ஓவியம், இசை, தையல், உடற்கல்வி முதலியவற்றைக் கற்பிக்க 16,549 பகுதிநேரப் பயிற்றுநர்கள் மாதம் 5,000 ரூபாய் ஊதியத்தில் நியமிக்கப்பட்டனர். இராசராசன் காலத்துப் பதியம் பாடுவோர் நாள்தோறும் பெற்ற மூன்று குறுணி நெல்லின் உறுதி இந்த ஏற்பாட்டில் இல்லை. கலையாசிரியர் பள்ளியின் விருந்தினர் போல நடத்தப்படும்வரை கலையும் பிள்ளைகளுக்கு விருந்தாகவே இருக்கும், அன்றாட உணவாகாது. 2022-23ஆம் கல்வியாண்டிலிருந்து அரசுப் பள்ளி மாணவர்களுக்கு நடத்தப்படும் கலைத் திருவிழா, ஒளிந்திருந்த திறமைகளை மாநில மேடைவரை கொண்டுவந்திருப்பது பாராட்டுக்குரியது. எனினும் போட்டி ஏற்கெனவே பயின்றவனையே அடையாளம் காண்கிறது. பயில வாய்ப்பற்றவனுக்கு அது கைதட்டும் இடத்தையே தருகிறது.

சமூக ஆதரவு எந்த வடிவில் வருகிறது என்பதில்தான் ஈகைக்கும் ஒப்புரவுக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு செல்வர் பள்ளிக்கு இசைக்கருவிகள் வழங்க வருகிறார். அவரை வரவேற்கப் பிள்ளைகள் பல நாள் பயிற்சி பெற்று, வெயிலில் காத்திருந்து, அவர் முன்னிலையில் ஆடிப் பாடுகின்றனர். திருக்குறள் ஈகையைப் பேசும்போது, வறியவர்க்குக் கொடுப்பதல்லாத கொடைகளெல்லாம் குறியெதிர்ப்பைத் தன்மையுடையன என்கிறது. குறியெதிர்ப்பை என்பது அளந்து வாங்கிய அளவிலேயே திருப்பித் தரும் கைமாற்று. வரவேற்பு நடனத்தில் குழந்தையின் கலை அப்படிப்பட்ட கைமாற்றாகிவிடுகிறது: கருவி வந்தது, நடனம் போனது, கணக்கு நேரானது. தனக்காகவும் தன் தோழர்க்காகவும் ஆட வேண்டிய பிள்ளை, நன்றி செலுத்துவதற்காக ஆடக் கற்கிறது. இத்தீங்கு சிறியதாகத் தோன்றினும், கலையைப் பற்றி அக்குழந்தை பெறும் முதற்பாடமே இதுவாகிவிடுவதால் இதன் வேர் ஆழமானது.

ஒப்புரவின் வடிவமோ ஊர்களுக்கு முன்பே பழகியது. பழைய செங்கற்பட்டு, வட ஆர்க்காடு, தென்னார்க்காடு மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் விழாவுக்குத் தலைக்கட்டு வரி, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று வகுத்த பங்கு, திரட்டப்பட்டு, பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்தும் நடத்தப்படுகின்றன. அந்த வரியில் கொடுத்தவர் பெயர் பெரிதாகத் தெரிவதில்லை, கூத்து எல்லோருடையதாகிறது, முன்வரிசை மண்ணில் பிள்ளைகள் உட்கார்ந்து, தூங்கி விழித்து, துரியோதனன் வருகைக்குக் காத்திருக்கின்றனர். கூத்துக் காலம் பெரும்பாலும் பங்குனியில் தொடங்கிக் கோடையை ஒட்டி அமைவதால், மழைக்காலத்தில் கூத்தர்க்கு வருவாய் அருகிவிடுகிறது. பள்ளிகள் முழுமூச்சாக நடக்கும் மாதங்களும் அவையே. ஒரு கூத்தரை அம்மாதங்களில் ஊர்ப் பள்ளியின் ஆசிரியராக வைத்துக்கொள்ள அதே தலைக்கட்டுப் பங்கிலிருந்து ஒரு சிறு பகுதி போதும். அவர் வீட்டு அடுப்பும் எரியும், பிள்ளைகளின் காலும் அடவு கற்கும். ஆனால் தலைக்கட்டு என்னும் சொல்லுக்குள்ளேயே ஒரு வேலி இருந்தது. பல ஊர்களில் சேரிக் குடும்பங்கள் அந்தக் கணக்கில் சேர்க்கப்படவில்லை. வரி வாங்காமல் விட்டது சலுகையன்று, விழாவில் உரிமை இல்லை என்பதன் அறிவிப்பாகும். பள்ளிக்காகத் திரட்டும்போது அந்த வேலி இடம்பெறக் கூடாது என்பது மட்டும் போதாது, எந்தக் கலை பள்ளிக்குள் வருகிறது என்பதிலும் அது மறைந்து நிற்கக் கூடாது. மிருதங்கத்தை மகிழ்ந்து வாங்கித் தரும் ஊர் பறையைப் பள்ளிக்குள் கொண்டுவரத் தயங்குமானால், தோலால் ஆன இரண்டு கருவிகளுள் ஒன்றுக்கு மட்டும் வடதிசையில் வேறு வாயில் தேடச் சொல்வதாகும். பறையடித்து வளர்ந்தவரின் பேரப்பிள்ளை அதைக் கற்க வெட்கப்படுவதும், மற்றப் பிள்ளைகள் அதைத் தொட அஞ்சுவதும் ஒரே நோயின் இரு அறிகுறிகள். இரு சாராரும் ஒரே வகுப்பில், ஒரே ஆசிரியரிடம், முறைவைத்து அக்கருவியைக் கையில் எடுக்கும் நாளில்தான் அந்நோய் இறங்கத் தொடங்கும்.

திருநீலகண்ட யாழ்ப்பாணரின் வரலாற்றில் திருவாரூருக்கு முன்பே மதுரையில் ஒரு நிகழ்ச்சி கூறப்படுகிறது. ஆலவாய் அண்ணலின் திருமுன் அவர் தரையில் அமர்ந்து யாழ் வாசித்தபோது, நிலத்தின் ஈரம் தாக்கினால் நரம்புகளின் கட்டு தளரும், ஆகவே பொற்பலகை இடுக என்று வானில் ஒலி எழுந்தது. பாடுபவனுக்கு அருளியதோடு நில்லாமல், யாழின் நரம்பில் ஏறும் ஈரத்தையும் இறைவன் எண்ணினான் என்பது சேக்கிழார் காட்டும் நுட்பம். ஐப்பசி மழையில் ஓடு ஒழுகும் வகுப்பறையின் மூலையில், கற்பிக்க ஆளில்லாமல் உறை மூடிக் கிடக்கும் மிருதங்கத்தின் வார்களும் அதே ஈரத்தில்தான் தளர்ந்துகொண்டிருக்கின்றன.